பன்னிரண்டாம் பாட்டிலின் வளையம்

எங்கள் தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. சோதனைக்கு வைக்கும் பூச்சிமருந்துப் பாட்டிலின் கழுத்தில் மூடியோடு சேர்த்துச் சணல் கயிறு கட்டுவோம். கட்டுகிறவர் ஆய்வுக்கூடத்து ஆளாக இருக்கக் கூடாது. லோரி ஓட்டுநரோ காவலாளியோ, அந்தப் பக்கம் போகிற யாரையாவது கூப்பிட்டுத்தான் கட்டச் சொல்வோம். போன மாதம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். பாட்டிலைச் சுழற்றியே ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடும் புது இயந்திரம் வந்து இறங்கியிருந்தது. புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட் பெண் கேட்டாள்.

"அங்கிள், இனிமே இந்தக் கயிறெல்லாம் எதுக்கு லா? இத யாரு ஆரம்பிச்சு வச்சது?"

"என்னாலதான் ஆரம்பிச்சது."

அவள் சிரித்தாள். அவள் மேல் தப்பில்லை. வாழ்நாள் முழுக்கக் கேலி பேசியவன் உண்மையைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் சிரிக்கத்தான் செய்வார். இந்தக் கதையே அதைப் பற்றியதுதான். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதால் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அதற்கு மேல் போகாததற்குக் காரணம் வறுமை இல்லை. வாத்தியார் நாற்காலியில் ரப்பர் பாலைத் தடவி வைத்தேன். அவர் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அதோடு என் படிப்பு முடிந்தது. பிறகு பால் உறைய வைக்கும் தொட்டியில் சில வருடம், அமிலக் கிடங்கில் சில வருடம். அங்கிருந்துதான் கெமிஸ்ட் நடேசன் ஐயா என்னை எடுத்துக்கொண்டார். அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"தெர்மாமீட்டர் படிக்கத் தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"நாலு மணி நேரம் ஒரே எடத்துல நிப்பியா?"

"ஒக்காரச் சொன்னாத்தான் ஐயா எனக்குக் கஷ்டம்."

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் என்னை எடுத்துக்கொண்டார்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து குவித்து, சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். மாலையில் வாசலை அடைத்தால் காலையில்தான் திறப்பார்கள். வெளியே ஒரு மைல் போகவும் பாஸ் வேண்டும். ஆய்வுக்கூடம் என்பது ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைக்கூடம். வேலியின் கடைசி மூலையில், தோட்டத்துத் தண்ணீர் வடியும் பெரிய சாக்கடையை ஒட்டி இருந்தது. பகல் முழுக்க அங்கே நானும் ஒரு கொதிகலனும். ஐயா வருவார், நாலு வார்த்தை பேசுவார், போவார். என் மனைவி ரோசம்மா முதல் பிரசவத்துக்காக அம்பாங் பெச்சாவில் இருந்த அவள் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நான்கு மாதமாகப் பார்க்கவில்லை. அந்த வழியில் லோரிகளைச் சுடுகிறார்கள் என்று பாஸ் கொடுக்க மாட்டேன் என்றார்கள். நான் கொதிகலனோடு பேச ஆரம்பித்தேன். அதற்குப் பெயர்கூட வைத்தேன். மாமியார். எப்போதும் சூடாக இருக்கும், எதற்கும் திருப்தி வராது.

இனி வேலையைச் சொல்கிறேன். தோட்டத்தில் எண்ணெய்ப்பனை என்கிற செம்பனை நாற்று நர்சரி ஒன்று போட்டிருந்தார்கள். நாற்றுகளில் செதில்பூச்சி. அதற்கு எண்ணெய் மருந்து அடிக்க வேண்டும். எண்ணெயை அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். தண்ணீரில் பொடிப்பொடித் துளியாக உடைத்து, பால்போல் வெள்ளையாக்கி அடித்தால் பூச்சி மட்டும் மூச்சு முட்டிச் சாகும். எண்ணெயைத் தண்ணீரில் பிடித்து வைக்க சோப்பு வேண்டும். எங்கள் ஊர்ச் சாக்கடைத் தண்ணீரோ தேத்தண்ணி நிறம். பாதி சதுப்புநிலத்துப் புளிப்பு, பாதி கடல் உப்பு. சோப்பைக் கண்டால் திரித்துவிடும்.

அதற்குக் கம்பெனி ஒரு பீப்பாய் அனுப்பியது. தேன்போல் கெட்டியாக, வாசனையே இல்லாத சாமான். ஐயா அதை 'அயனியில்லாதது' என்பார். என் மண்டைக்கு நான் இப்படிப் புரிந்துகொண்டேன். சோப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் ஆள். உப்புத்தண்ணீர் ஒரு சோதனைச் சாவடி. அட்டையைப் பார்த்ததும் நிறுத்தி உள்ளே தள்ளிவிடும். புதுச் சாமானுக்கு அட்டையே கிடையாது. மின்சாரக் குறி எதுவும் அதன் மேல் இல்லை. உப்பு அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம், வெயில். மத்தியான வெயிலில், மருந்து அடிக்கிறவர் முதுகில் மாட்டும் டாங்கி சூடானால் சாமான் தண்ணீரை விட்டு ஒதுங்கி மங்கிப்போகும். பிடித்திருந்த எண்ணெயைக் கைவிட்டுவிடும்.

இதை ஐயாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் யோசித்தார்.

"அட்டையே இல்லாதவன் வெயில்ல நிக்கமாட்டேங்குறான். அட்டை இருக்கிறவன் உப்புல மாட்டிக்கிறான். கொஞ்சம் பேருக்கு மட்டும், உப்பு புடிக்காத மாதிரி ஒரு அட்டை குடுப்போம்."

எங்கள் இருவருக்கும் நடந்த மிக நீளமான பேச்சு அதுதான்.

அப்படி அட்டை கொடுப்பதுதான் என் வேலை. பீப்பாய்ச் சாமானைக் கொதிகலனில் ஊற்றி நூற்றிருபது டிகிரிக்குக் கொண்டுபோவேன். வெள்ளைப் பொடி ஒன்று, அதுவும் ஒருவகை அமிலம், தேக்கரண்டி தேக்கரண்டியாகப் போட வேண்டும். நான்கு மணி நேரம் கிண்ட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. என் நெற்றி வியர்வை விழாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டியிருப்பேன். பொடி சாமானின் நுனியில் போய் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றிலும் அல்ல, சிலவற்றில் மட்டும். ஆறியதும் அம்மோனியா விட்டு, மிச்சமிருக்கும் புளிப்பை முறிக்க வேண்டும். லிட்மஸ் காகிதம் நீலமாகும்வரை. இந்தக் கடைசிப் படிதான் உயிர். புளிப்பு கொஞ்சம் தங்கினாலும் ஒட்டியது மெல்லக் கழன்றுவிடும். கழன்றது இன்னும் புளிப்பைக் கொடுக்கும். அந்தப் புளிப்பு அடுத்ததைக் கழற்றும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு மருந்து பழையபடி வெயில் தாங்காத மருந்தாகிவிடும்.

அதனால்தான் ஒவ்வொரு காய்ச்சலுக்கும், அதாவது ஒவ்வொரு முறை காய்ச்சி இறக்கும்போதும், எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஒரு பாட்டில் எடுத்து, கிழக்கு ஜன்னலில் வெயில் படப் பதினான்கு நாள் வைப்போம். யாரும் தொடக் கூடாது. தினமும் காலை ஏழு மணிக்கு ஐயா வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். கண் பாட்டிலுக்கு நேராக வரும்வரை முழங்காலை மடிப்பார். பார்ப்பார். "ம்" என்பார். புத்தகத்தில் எழுதுவார். மேலே எண்ணெய் பிரிந்து வளையம் கட்டியிருந்தால் "ம்" வராது. அந்தப் பீப்பாய் முழுவதும் வீண். பதினான்காம் நாளும் "ம்" வந்தால் கையெழுத்து. மருந்து நர்சரிக்குப் போகும்.

நர்சரியில் மருந்து அடிப்பவர் வீரையா அண்ணன். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னோடு வாய் கொடுத்துச் சமாளிக்கக்கூடிய ஒரே ஆள். மருந்து எடுக்க வருவார். அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு மனிதர்களோடு இருக்கும் நேரம்.

"என்னாடா தண்ணி டாக்டரு, மாமியாரு என்னா சொல்றா?"

"ஒங்களத்தாண்ணே கேட்டுச்சு. முதுகுல டாங்கி தூக்கி தூக்கி கூனு விழுந்துருச்சாமே, கொழந்தைக்குத் தொட்டிலு கட்டலாமான்னு கேக்குது."

"ஒன் கொழந்தையக் கொண்டா, கட்டித் தாரேன்."

வீரையா அண்ணனுக்கு ஒரு வடு இருந்தது. அவர் தம்பி காட்டுக்குள் போனவன், திரும்பவில்லை. அண்ணனுக்கும் அவனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது லயத்துக்கே தெரியும். போலீஸ் புத்தகத்துக்கு அது தெரியாது.

பதினொரு காய்ச்சல்வரை ஐயா பக்கத்தில் நின்று லிட்மஸ் பார்த்தார். பன்னிரண்டாவதன்று கோலாலம்பூரில் கூட்டம் என்று காலையிலேயே போய்விட்டார். லிட்மஸ் காகிதம் கொஞ்சம்தான் இருந்தது. எனக்கு அது தேவையுமில்லை. அம்மோனியா போதுமா என்று மூக்காலேயே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். அன்றும் மூக்கால்தான் பார்த்தேன். கண்ணில் நீர் வருமளவுக்கு நெடி வந்தது. போதும் என்று நிறுத்தினேன். துடைக்கும்போதுதான் பார்த்தேன், அம்மோனியா ஜாடியின் மூடி மேஜைமேல் கிடந்தது. நான் முகர்ந்தது ஜாடியையா கொதிகலனையா? தெரியவில்லை. நல்லாத்தான் இருக்கும் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் பாட்டிலை ஜன்னலில் வைத்தேன். ஐயா திரும்பி வந்து கேட்டபோது "நீலம் ஐயா" என்றேன்.

அந்தப் பாட்டில் நிலைத்து நின்றால் எனக்கு ஒரு வாரம் லீவு, பாஸுக்கு ஐயாவே எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். ரோசம்மாவுக்கு நாள் நெருங்கியிருந்தது.

பதினோராம் நாள் காலை, ஐயா வருவதற்கு முன் ஜன்னலைத் திறந்தேன். பாட்டிலின் மேலே மெல்லிய மஞ்சள் வளையம். கல்யாண மோதிரம் அளவுக்குத்தான் கனம். வெளியே பார்த்தேன். ஐயா தூரத்தில் குடையோடு வந்துகொண்டிருந்தார். பாட்டிலை எடுத்தேன். மூன்று ஆட்டு. எல்லாம் வெள்ளை. திருப்பி அதே தூசித் தடத்தின்மேல் வைத்தேன்.

ஐயா முழங்காலை மடித்தார். பார்த்தார். "ம்."

ஒருமுறை ஆட்டினால் அவசரத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் நான்கு காலை ஆட்டினேன்.

பதினான்காம் நாள் அவர் கையெழுத்துப் போட்டார். லீவுக் கடிதத்திலும் போட்டார். அடுத்த வாரம் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வீரையா அண்ணன் அந்த மருந்தை அடித்தார். என் பாஸ் திங்கள் காலைக்கு. ஞாயிற்றுக்கிழமை நர்சரியில் நாற்றுகள் வறுத்த அப்பளம்போல் பழுத்துக் கருகி நின்றன. இலையில் எண்ணெய் நாற்றம். வீரையா டீசல் ஊற்றிவிட்டான் என்றார் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர். காட்டில் இருக்கும் தம்பி சொல்லிச் செய்திருக்கிறான் என்றார் இன்னொருவர். சாயங்காலமே போலீஸ் ஜீப் வந்தது. வீரையா அண்ணனை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்து என்ன என்று எல்லோருக்கும் தெரியும். விசாரணை கிடையாது. தடுப்பு முகாம், அதற்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பல்.

திங்கள் காலை பெட்டியோடு வாசலில் நின்றேன். லோரி வந்துவிட்டது. எனக்கு முன்னால் வீரையா அண்ணன் மனைவி பாக்கியம் அக்கா நின்றது, கையில் சோற்றுத் தூக்கு. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். காவலுக்கு நின்றவர் தூக்கைத் திறந்து பார்த்து, வாங்கித் தரையில் வைத்துவிட்டார்.

"ஸ்டேசனுக்குத்தாங்க, அவருக்கு" என்றது அக்கா. அவர் வேறு பக்கம் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தது.

"தம்பி, நீ டவுனு வழியாத்தானே போற. அவரப் பாத்தா சாப்ட்டாரான்னு கேளு. மருந்து பதினாலு நாளு நின்னுச்சு, நல்ல மருந்துன்னு பொஸ்தகத்துல எழுதியிருக்காம். அப்ப கெட்டது இவருதான்னு சொல்றாங்க தம்பி."

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். அன்றைக்கு "லோரிக்கு நேரமாச்சுக்கா" என்றேன். சொல்லிவிட்டு லோரியில் காலை வைத்தேன். கீழே அந்தத் தூக்கு திறந்தபடியே இருந்தது. ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. காலை எடுத்தேன். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தேன்.

ஐயா புத்தகத்தை விரித்து வைத்துப் பன்னிரண்டாம் காய்ச்சலின் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லோரி போயிருச்சா?"

"ஐயா, பாட்டில நான் ஆட்டிட்டேன்."

அவர் நிமிரவில்லை.

"எத்தன நாளு?"

"நாலு நாளு ஐயா. லிட்மஸும் பாக்கல. மூக்காலதான் பாத்தேன்."

எழுந்து போய்க் கிடங்கிலிருந்த மிச்சப் பீப்பாயில் ஒரு காகிதத்தை நனைத்து வந்தார். சிவப்பு. நன்றாகப் பழுத்த மிளகாய்ச் சிவப்பு. மேஜைமேல் வைத்தார். பேனாவை எடுத்து, தன் கையெழுத்தின் குறுக்கே ஒரே கோடு இழுத்தார். கிறுக்கவில்லை. கீழே இருப்பது படிக்கும்படி ஒரு கோடு.

"ஆட்டுனது நீ. போட்டது நான்."

"நீங்க பாத்துட்டுத்தானே ஐயா போட்டீங்க."

"பாட்டிலப் பாத்தேன். காகிதத்தக் கேக்கல."

இரண்டு பேரும் தொரையின் ஆபீசுக்குப் போனோம். மானேஜர் தொரை நன்றாகத் தமிழ் பேசுவார், எல்லாரையும் அதட்டும் தமிழ். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சவேரி, நீ யாருன்னு எனக்குத் தெரியும். போன மாசம் மண்டோர் சைக்கிள்ல கோழிய கட்டி விட்டது நீ. இப்ப கூட்டாளிய காப்பாத்த புதுக் கதையா?"

"இது கதையில்ல தொரை."

"கோழிக்கும் அப்படித்தான் சொன்னே."

உண்மை என் வாயில் இருந்தது. என் வாய்க்குத்தான் விலையில்லை. அதுவரை என்னை எல்லோரும் ஒன்று திட்டியிருக்கிறார்கள், இல்லை சிரித்திருக்கிறார்கள். நம்பாமல் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு ஆட்கள் நடமாடும் ஆபீசில் மாமியார்கூட இல்லாமல் நின்றேன்.

ஐயா தொரையிடம் கேட்டது ஒன்றுதான். நாளை மத்தியானம் போலீஸ் இன்ஸ்பெக்டர் நர்சரிக்கு வர வேண்டும்.

அன்று மாலை அவர் கருகிய வரிசைகளில் தனியாக நடந்தார். மறுநாள் காலை என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். எல்லா நாற்றும் கருகவில்லை. ஒரு நீளம் பச்சை, அப்புறம் ஏழெட்டு நாற்று கருகல். மறுபடி பச்சை, மறுபடி கருகல். ஒவ்வொரு டாங்கியும் தீர்ந்த இடம் அது. டாங்கியின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சும். பிரிந்த எண்ணெய் மேலே மிதக்கும். முதலில் வெறும் தண்ணீர் போகும், கடைசியில் வெறும் எண்ணெய் வரும்.

காலையிலேயே வீரையா அண்ணனின் அதே டாங்கியில், அதே பீப்பாய் மருந்தை அதே சாக்கடைத் தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தோம். நர்சரிப் பாதையில் பழுப்புக் காகிதம் நாற்பது தாளை வரிசையாக விரித்து, மூலைக்கு மூலை கல் வைத்தோம். மத்தியானம் இன்ஸ்பெக்டரும் தொரையும் வந்து நின்றார்கள். டாங்கியை நான் முதுகில் மாட்டினேன். அவ்வளவு கனம் என்று எனக்கு அதுவரை தெரியாது. சூடு சட்டையைத் தாண்டித் தோலைப் பிடித்தது. ஆட்டாதே, குலுக்காதே என்று ஐயா சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலையில் தண்ணீர்க்குடம் வைத்த பெண்போல் நடந்து நாற்பது தாளிலும் அடித்தேன்.

பிறகு காத்திருந்தோம். வெயில் காய்ச்சியது. முதல் தாள்கள் காய்ந்து பழைய நிறத்துக்கு வந்தன. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே போனார். பத்து, இருபது, முப்பது. ஒன்றும் இல்லை. முப்பத்தைந்தாவது தாள் காயவில்லை. கடைசித் தாளை எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பலகாரம் மடித்த காகிதம்போல் வெளிச்சம் ஊடுருவியது. தாளின் அந்தப் பக்கம் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. என் முகமும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

தாளை மடித்து வைத்துக்கொண்டார். ஐயாவிடம் புத்தகத்தைக் கேட்டார். கோடு இழுத்த கையெழுத்தைப் பார்த்தார். "இந்தக் கோடு எந்த நாள் போட்டது?" என்று கேட்டார். "நேத்து காலையில, இவன் வந்து சொன்னதும்" என்றார் ஐயா.

வீரையா அண்ணன் இரண்டு நாள் கழித்து வந்தார். என் பாஸ் ரத்தானது. வேலை போகவில்லை. கொதிகலன் பக்குவம் வேறு யாருக்கும் தெரியாது என்று ஐயா சொல்லிவிட்டார். அவருக்கு வரவேண்டியிருந்த பெரிய பதவி வரவில்லை என்று பின்னால் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொல்லித்தான் தெரியும். என் மகள் பிறந்ததைத் தபாலில் படித்தேன். அவளைத் தூக்கியபோது அவளுக்கு மூன்று மாதம்.

பதிமூன்றாம் காய்ச்சல் முடிந்தது. லிட்மஸ் நீலம். ஐயாவே இரண்டு முறை பார்த்தார். பாட்டிலை ஜன்னலில் வைக்கப் போனேன்.

"இரு. நீயும் மூட வேணாம், நானும் மூட வேணாம். அடிக்கிறவன் கட்டட்டும்."

ஆள் அனுப்பினார். வீரையா அண்ணன் வந்தார். நாற்றுக்கூடை கட்டும் சணலை எடுத்து, மூடிக்கு மேல் இரண்டு சுற்று சுற்றி, அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு முடிச்சுப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. பதினான்காம் நாள் வந்து முடிச்சைத் தடவிப் பார்த்து, அவரே அவிழ்த்தார். உள்ளே வளையம் இல்லை. போனார்.

அப்படியே ஒரு வருடத்துக்கு மேல். மருந்து நின்றது. வெயிலிலும் நின்றது, உப்பிலும் நின்றது. செகிஞ்சான்வரை தோட்டங்களில் கேட்டு வாங்கினார்கள். வீரையா அண்ணன் வருவார், கட்டுவார், போவார். நானும் விடவில்லை. "அண்ணே, மாமியாரு ஒங்களக் கேட்டுச்சு." அவர் அடுத்த சுற்றைச் சுற்றினார். "அண்ணே, மக பொறந்துருச்சு, தொட்டிலு கட்டணும்." விரல் ஒரு நொடி நின்றது. அவ்வளவுதான். முடிச்சை இறுக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் போனபின் சொன்ன கேலி எல்லாம் சிமெண்டுத் தரையில் கிடக்கும். நானேதான் கூட்டித் தள்ள வேண்டும். மாமியாரிடம் பேசுவதையும் விட்டுவிட்டேன்.

கடைசியில் ஒருநாள் நான் ஒன்றுமே சொல்லவில்லை. பாட்டிலை நீட்டினேன். அவர் கட்டினார். கட்டி முடித்துவிட்டு நின்றார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"என்னாடா, ஒன் வாயிலயும் எண்ண பிரிஞ்சிருச்சா?"

முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் அது பழைய குரல்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் தலையை ஆட்டிவிட்டு வேலியோரமாக நடந்துபோனார். அடுத்த வாரம் குடும்பத்தோடு சுங்கை ஆயர் தாவார் பக்கம் தென்னந்தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் பாட்டிலின் முடிச்சை அவிழ்க்க அவர் இல்லை. எனக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. கத்தியால் அறுக்கச் சொன்னார் ஐயா. அறுத்தேன். வளையம் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். புது இயந்திரம் வந்தாயிற்று, இனி யாரும் கட்ட வேண்டியதில்லை. கட்டினாலும் பாதகமில்லை. நான் இப்போதும் சில நாள் மத்தியானத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, வீரையா அண்ணன் கேட்டதற்கு நல்ல பதில் ஒன்று சட்டென்று தோன்றும். அவரே சிரித்துவிடக்கூடிய பதில்.

தலையைத் திருப்பி வாசலைப் பார்ப்பேன்.